பழைய காருக்கு வைத்தியமா, விடையா?

உழவு மாடு கிழடு தட்டிவிட்டால் உழவன் முன்னே ஒரு கேள்வி எழும். இன்னும் ஒரு போகத்துக்குத் தீனி போட்டு வைத்துக்கொள்வதா, சந்தைக்கு ஓட்டிவிட்டு இளங்காளை வாங்குவதா? வயதை மட்டும் கொண்டு அவன் விடை காண்பதில்லை. பல்லைப் பார்ப்பான், குளம்பைப் பார்ப்பான், வரும் போகத்தில் எத்தனை ஏர் உழவேண்டும் என்று எண்ணுவான், கடைசியில் மடியில் இருக்கும் காசை எண்ணுவான். நாம் படித்தவர்கள். நம் வீட்டு வாசலில் மாடு நின்ற இடத்தில் இன்று மோட்டார் நிற்கிறது. ஆனால் அந்த உழவனின் நிதானம் நம்மிடம் இருக்கிறதா என்பது ஐயமே!

புனே நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், கட்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட்டை, பிம்ப்ரி-சிஞ்ச்வட் என்று பல இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றி வாழ்கின்றன. பண்டிகை நாளில் அத்தகைய வீடொன்றில் சாப்பிடப் போகும் மாணவனிடம், இலை போடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கப்படுவது உண்டு. “ஏன் தம்பி, நீ சயன்ஸ்தானே படிக்கிறாய்? நம் வண்டிக்கு வயது பதினைந்தாகிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. மெக்கானிக் அறுபதாயிரம் கேட்கிறான். செய்யலாமா, தள்ளிவிடலாமா?”

இது விளையாட்டுக் கேள்வியன்று. புது வண்டியின் மாதத் தவணை அந்த வீட்டுப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தோடு போட்டிக்கு நிற்கும். பழைய வண்டியோ, சாதாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஊருக்குப் போகும்போது ஐந்து உயிர்களைச் சுமந்து செல்லும். ஒரு பக்கம் கல்வி, மறு பக்கம் உயிர். பௌதிகமோ இரசாயனமோ படிக்கும் நாம் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கலாமா?

இரண்டு மாயக் கணக்குகள்

இத்தகைய முடிவை எடுக்கும்போது பெரும்பாலோர் இரண்டு எண்களைப் பார்த்து மயங்குகிறார்கள். ஒன்று, மீட்டரில் காணும் கிலோமீட்டர். மற்றொன்று, வண்டியின் சந்தை விலை.

கிலோமீட்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற விஞ்ஞான ஆசிரியர் 1966-ஆம் ஆண்டு ஒரு வோல்வோ கார் வாங்கினார். 2013-ஆம் ஆண்டு அதே கார் 30 லட்சம் மைலைக் கடந்தது. அதாவது ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர்! 2018-ஆம் ஆண்டு அவர் காலமாகும் வரை அது அவரிடமே இருந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பெரும்பகுதி நீண்ட சாலைப் பயணம். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றம். தேய்ந்த பாகத்தை அவ்வப்போது மாற்றும் ஒழுங்கு. அவ்வளவே.

எஞ்சின் மிகுதியாகத் தேய்வது குளிர்ந்த நிலையில் அதை முடுக்கும்போதுதான். எண்ணெய் எல்லா இடத்துக்கும் பரவுமுன் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. ஆகவே நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட, லட்சுமி ரோட்டு நெரிசலில் நின்று நின்று எண்பதாயிரம் ஓடிய வண்டி அதிகமாய்த் தளர்ந்திருக்கக்கூடும். மீட்டர் தூரத்தைச் சொல்லும், துன்பத்தைச் சொல்லாது.

இனிச் சந்தை விலை. “வண்டியின் விலையே நாற்பதாயிரம், அதற்கு அறுபதாயிரம் செலவா?” என்று கேட்பது நியாயம் போலத் தோன்றுகிறது. ஆனால் நாற்பதாயிரம் என்பது பிறர் நமக்குத் தரும் விலை. நாம் அறிய வேண்டியது, அடுத்த மூன்று ஆண்டுகள் நம்மைச் சுமக்க எந்த வண்டி குறைந்த செலவு கேட்கும் என்பது. கடந்த ஆண்டு செய்த செலவும் அப்படியே. “போன தீபாவளிக்குத்தான் முப்பதாயிரம் கொட்டினோம், அதற்காகவாவது வைத்துக்கொள்வோம்” என்பது ஆற்றிலே போன தண்ணீருக்கு அணை கட்டுவதாகும். போன பணம் போனதுதான். வரப்போகும் செலவுதான் கணக்கு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. வண்டி தாங்குமா? வண்டி செல்லுமா? செலவு கட்டுப்படியாகுமா? வரிசை முக்கியம். முதற் கேள்வியில் தோற்ற வண்டிக்கு மூன்றாம் கேள்வி தேவையே இல்லை.

தாங்குமா?

காரின் உறுப்புகளை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். மாற்றக்கூடியவை ஓரினம், மாற்ற இயலாதவை மற்றோரினம். கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர், பாட்டரி, ரப்பர் புஷ்கள், ஏன், எஞ்சினே கூட முதல் இனம். உலக்கைக்குப் பூண் மாற்றுவது போல இவற்றை மாற்றிக்கொண்டே போகலாம்.

இரண்டாம் இனம் வண்டியின் உடல். லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனியாக இரும்புச் சட்டம் உண்டு. சிறிய காருக்கு அது கிடையாது. தகடுகளைப் பற்றவைத்துச் செய்த உடலே சட்டமாகவும் நின்று பாரம் தாங்குகிறது. ஆகவே கதவில் துருப்பிடித்தால் அது அழகுக்குக் கேடு. கதவுக்குக் கீழே ஓடும் பட்டைத் தகட்டிலோ, தரையிலோ, சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு உடலோடு சேரும் இடத்திலோ துரு அரித்திருந்தால் அது உயிருக்குக் கேடு. மேலே பெயிண்ட் பளபளக்கலாம். வண்டியை லிப்டில் ஏற்றி, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்த இடங்களில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீர் என்ற ஓசை வந்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ தகடு உதிர்ந்தாலோ மேலே பேச வேண்டாம், விடை கொடுத்துவிடலாம்.

எஞ்சினின் நிலையைப் புகையே சொல்லும். நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் விடாமல் வெண்புகை வந்தால் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுறலாம். கறுப்புக்கு வைத்தியம் பெரும்பாலும் எளிது. மற்ற இரண்டும் பெருஞ்செலவு. இவற்றோடு, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை ஒன்று உண்டு. செலவு சிறிது, பயன் பெரிது. எல்லாச் சிலிண்டரும் போதிய அளவில், ஏறத்தாழ ஒரே அழுத்தம் காட்டினால் எஞ்சினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. “எஞ்சின் போச்சு” என்று யாரேனும் சொன்னால், இந்தச் சோதனையைக் கேட்காமல் தலையை ஆட்டாதீர்கள்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். புனேவிலிருந்து வெளியேறும் பல வழிகளில் மலைச்சரிவு ஒன்று காத்திருக்கிறது. மும்பை வழியில் கண்டாலா. சாதாரா வழியில் கம்பாட்கி. நகர எல்லையிலேயே கத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை இறங்கும் சரிவு. விபத்துகளால் பெயர் பெற்ற இடம் அது. இறக்கத்தில் நடப்பது என்ன? ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 9 லட்சத்து 80 ஆயிரம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். அறை வெப்பத்திலுள்ள மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்! கியரை இறக்கி எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்காவிட்டால், அந்த வெப்பத்தின் பெரும்பகுதியும் நாலு பிரேக்குகளின் தலையில்தான் விடியும்.

பிரேக் எண்ணெய்க்கோ ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத எண்ணெய், சூடேறிய பிரேக்குக்கு அருகில் கொதித்து ஆவியாகிறது. திரவத்தை அமுக்க முடியாது. ஆவியை அமுக்க முடியும். ஆகவே பெடல் காலோடு கீழே போய்விடும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெயைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலையைத்தான் பழைய வண்டிக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்! டயரும் அப்படியே. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். பக்கச் சுவரில் வெடிப்பு கண்ட டயரை, பட்டன் தேயவில்லை என்ற காரணத்துக்காக வைத்திருக்கலாகாது.

நிற்க. ரிப்பேரால் முடியாத ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப் பையும், திடீர்ப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். சாதனமும் கட்டாயம். பதினைந்து ஆண்டுக்கு முந்திய சிறிய கார்கள் பலவற்றில் இவை கிடையா. ரிப்பேர் என்பது பழையதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. பிறவியிலேயே இல்லாததை அது தராது. கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டிக்கு இது சிறிய குறை. மாதந்தோறும் இரவில் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு ஓடும் வண்டிக்குப் பெரிய குறை.

செல்லுமா?

உடல் தாங்கினாலும் சட்டம் தாங்கவேண்டும். உதிரிப் பாகமும் கிடைக்கவேண்டும்.

பதினைந்து வயதான கார் ஓடவே கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது டில்லி வட்டாரத்துக்கென்று பிறந்த கட்டுப்பாடு. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; பின்னர் அதிலும் மாறுதல்கள் வந்தன. புனேயில் அப்படி இல்லை. சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டி, தகுதி பெற்றால் ஐந்து ஐந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்குக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. ஆகப் பழமைக்குச் சட்டம் தடை போடவில்லை, விலை போட்டிருக்கிறது.

வாடகை வண்டிக்கு நிலை வேறு. மும்பையின் கறுப்பு-மஞ்சள் ‘பிரீமியர் பத்மினி’ டாக்சிகளை அறியாதார் யார்? 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசிப் பத்மினி, இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 அன்று தொழிலிலிருந்து ஓய்வு பெற்றது. அதை நிறுத்தியது எஞ்சின் அன்று, நாட்காட்டி.

உதிரிப் பாக விஷயத்தில் நம் அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. புனேயை அடுத்த தளேகாவில் 2008-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை திறந்தது. செவ்ரோலே ஸ்பார்க், பீட் கார்கள் அங்கே உருவாயின. 2017-ஆம் ஆண்டு இறுதியோடு அந்த நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2020 டிசம்பரில் உற்பத்தியும் நின்றது. பின்னர் ஆலை ஹூண்டாய் கைக்குப் போயிற்று. பாகங்களும் பராமரிப்பும் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது உண்மை. எனினும், விற்பனை நின்ற வண்டிக்குப் பாகம் தேடுவோர் ஆண்டு ஏற ஏறக் கூடுதலாக அலையவேண்டி வரும். மறுபுறம் மாருதி 800 வண்டியைப் பாருங்கள். அதன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனால் முப்பது ஆண்டுகள் லட்சக்கணக்கில் விற்ற வண்டியாதலால், நானா பேட்டையின் உதிரிப் பாகக் கடைகளில் அதன் பெயரைச் சொன்னால் கடைக்காரர் தலையைச் சொறியமாட்டார். வைத்தியம் தொடங்குமுன் மருந்து கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். அறுபதாயிரம் செலவழித்த பின், ஒரு சிறு பாகத்துக்காக வண்டி மூன்று மாதம் ஒர்க்ஷாப்பில் தூங்கலாகாது அல்லவா?

பெட்ரோலும் மாறிவிட்டது. இன்று 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் சற்றுக் குறைவது அதனால்தான். இந்தக் கலவைக்கென்று செய்யப்படாத பழைய வண்டிகளில் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அவ்வப்போது பார்த்து மாற்றுவது நலம். ரிப்பேர்ப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்படியாகுமா?

இப்போது காகிதமும் பென்சிலும் எடுப்போம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் தம் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். காலம் மூன்று ஆண்டு. ஓட்டம் ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர்.

முதல் வழி, பழையதை வைத்துக்கொள்வது. இன்று உள்ளபடியே விற்றால் வரக்கூடிய 40,000 ரூபாயை விடுகிறோம். ரிப்பேர் 60,000. ஆண்டுக்கு 18,000 வீதம் மூன்று ஆண்டுப் பராமரிப்பு 54,000. பதிவுப் புதுப்பிப்பு, வரி முதலியன 10,000. முடங்கும் ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மூன்று ஆண்டுக்கு 21,000. மொத்தம் 1,85,000. முடிவில் விற்றால் 20,000 திரும்பும். நிகரச் செலவு 1,65,000, ஆண்டுக்கு 55,000.

இரண்டாம் வழி, ஐந்து வயதான வேறொரு கார் வாங்குவது. விலை 4,00,000. பெயர் மாற்றம் முதலியன 6,000. பராமரிப்பு மூன்று ஆண்டுக்கு 30,000. வட்டி 84,000. மொத்தம் 5,20,000. முடிவில் 2,50,000 திரும்பும். மீதி 2,70,000. புதியது லிட்டருக்கு 17.5 கிலோமீட்டரும் பழையது 14 கிலோமீட்டரும் கொடுத்தால், ஆண்டுக்கு 100 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மூன்று ஆண்டில் 30,000 மிச்சம். நிகரச் செலவு 2,40,000, ஆண்டுக்கு 80,000.

பார்த்தீர்களா! வண்டி விலையைப்போல் ஒன்றரை மடங்கு ரிப்பேர் செய்தும், பழைய வண்டியே ஆண்டுக்கு 25,000 ரூபாய் மலிவு. மூன்று ஆண்டுக்கு 75,000. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் அது கணிசமான பங்கு.

ஆனால் இந்தக் கணக்கின் உயிர்நாடி எங்கே இருக்கிறது? அறுபதாயிரம் ஒருமுறை வருவது என்ற அனுமானத்தில். எதிர்பாராத செலவு மூன்று ஆண்டில் மேலும் 75,000 வரை வந்தால் பழையது சமன். அதற்கு மேல் போனால் நட்டம். ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு ஆகும்?” என்பது மட்டுமன்று, “இதற்குப் பிறகு அடுத்தது எது?” என்பதும்தான். ஓட்டத்தையும் கவனிக்கவேண்டும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் பெட்ரோல் மிச்சமே ஏறத்தாழ 28,600 ரூபாயாகிவிடும். பழையதன் லாபம் பெரும்பாலும் கரைந்துபோகும். குறைவாக ஓட்டுவோருக்கு வைத்தியம். நிறைய ஓட்டுவோருக்கு விடை.

“பழைய வண்டி காற்றைக் கெடுக்காதா?” என்று ஒரு நண்பர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயு பிறக்கும். நம் கணக்கில் 100 லிட்டர் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 230 கிலோகிராம் குறையும். ஆனால் புத்தம் புதிய கார் ஒன்றை உருவாக்கும்போதே டன் கணக்கில் கரியமில வாயு வெளிப்படுகிறது. ஐந்து டன் என்று வைத்தாலும், அதை ஈடுகட்ட இருபது ஆண்டுக்கு மேலாகும்! எனினும் நகரக் காற்றை நஞ்சாக்கும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பழைய எஞ்சினிலிருந்து அதிகம் வரும். ஆகவே புகை கக்கும் வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டுவதற்கு இந்தக் கணக்கைச் சாக்காகக் காட்டலாகாது.

விடை கொடுப்பதானால்

முடிவு ‘விடை’ என்றே வந்துவிட்டால் அதையும் முறையாகச் செய்யவேண்டும். 2021-ஆம் ஆண்டின் பழைய வாகன ஒழிப்புக் கொள்கைப்படி, அரசிடம் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அடுத்து வாங்கும் காருக்குப் பதிவுக் கட்டண விலக்கும், மாநிலம் அளிக்கும் வரிச் சலுகையும் பெற அது உதவும். கண்ட இடத்தில் இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, பதிவை ரத்துச் செய்யாமல் விடுவது ஆபத்து. வண்டி உடைந்தாலும் எண் பலகை உயிரோடு உலவினால், அதனால் வரும் வழக்கு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, “நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பல வீடுகளில் பழைய வண்டியைத் தள்ளுவது துருவும் அன்று, சட்டமும் அன்று. அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய புது வண்டிதான்! அந்த நாலு பேரும் நம் தவணையில் நாலணாவும் கட்டமாட்டார்கள். அதே போல, “அப்பா வாங்கிய வண்டி” என்ற பாசத்தால் அரித்துப்போன உடலை மலைச்சரிவில் ஓட்டுவதும் அறிவுடைமையன்று. பாசத்துக்குப் புகைப்படம் போதும்.

ஆகவே, அடுத்த முறை யாரேனும் கேட்டால் நாம் சொல்லத்தக்க பதில் இதுதான்: முதலில் லிப்டில் ஏற்றி உடலைத் தட்டிப் பாருங்கள், பிரேக்கைச் சோதியுங்கள். அடுத்துப் பாகமும் பதிவும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இரண்டிலும் தேறினால் மூன்று ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். அதோடு இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வண்டிக்குச் செய்யும் ஒவ்வொரு செலவையும் தேதி, கிலோமீட்டரோடு எழுதி வாருங்கள். பில் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, ஒருமுறை ஏறி அடங்குகிறதா என்பதை அந்த நோட்டு தெளிவாகக் காட்டிவிடும். பிறகு வைத்தியமா, விடையா என்று பிறரைக் கேட்கவேண்டிய தேவையே இராது.